டார்ட்மூர் பண்ணைவீடு: கருங்கல் சுவருக்கு சிமெண்ட் ஏன் ஆகாது?

இங்கிலாந்தின் பழைய கல்வீடுகளைப் பற்றி வரும் செய்திகள் வெளியிலிருந்து படிப்பவருக்கு விநோதமாகத் தோன்றும். சொந்த வீட்டின் ஜன்னலை அனுமதியின்றி மாற்றியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். குளிர் தாங்காமல் சுவரின் உட்பக்கம் நுரைப்பலகை ஒட்டிய வீட்டில் இரண்டு குளிர்காலம் கழிவதற்குள் பூஞ்சை படர்ந்து, ஒட்டியதையெல்லாம் பிய்த்தெடுக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக உறுதியாக நின்ற சிமெண்ட் பூச்சைக் கொத்திக் கீழே தள்ளிவிட்டு, அதே இடத்தில் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் ஆங்கிலேயருக்குப் பழமை மீது பித்து என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பித்தும் இருக்கிறது. ஆனால் சிக்கலின் வேர் கட்டுமானத்தில் இருக்கிறது. அந்தச் சுவர்கள் மழையை வாங்கி, சில நாட்கள் வயிற்றில் வைத்திருந்து, காற்றடிக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும் விதமாகக் கட்டப்பட்டவை. இன்றைய சுவர் மழையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முன்னதன் மேல் பின்னதன் வைத்தியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் மேற்சொன்ன செய்திகளின் சாரம்.

இங்கிலாந்தில் கல்வீடு ஒரே வகை அல்ல. காட்ஸ்வோல்டில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், யார்க்ஷயரில் மணற்கல், ஏரி மாவட்டத்தில் பலகைக்கல் என்று மண்ணுக்கடியில் எது கிடைத்ததோ அதுவே சுவராகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைக்க முடியாது. தென்மேற்கில் டெவன் மாவட்டத்திலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தின் கருங்கல் பண்ணைவீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நிலமும் வீடும்

டார்ட்மூர் 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 954 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த இடம் 621 மீட்டர். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் மேடுகளில் இதுவும் ஒன்று என்பதால், உயரமான பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை அல்ல. ஆண்டு முழுவதும் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும் தூறல்.

இங்குள்ள பழைய பண்ணைவீட்டின் அடிப்படை வடிவத்துக்கு 'லாங்ஹவுஸ்' என்று பெயர். ஒரே நீண்ட கூரையின் கீழ் ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள். சுமார் 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இந்த வடிவில் வீடுகள் கட்டப்பட்டன. ஹவுண்ட் டோர் என்னுமிடத்தில் மத்திய காலத்தில் கைவிடப்பட்ட ஒரு சிற்றூரின் கல் அடித்தளங்களை 1961 முதல் 1975 வரை அகழ்ந்தார்கள். லாங்ஹவுஸின் வரைபடத்தைத் தரையில் நடந்தே படிக்கலாம் என்றால் அது அங்கேதான். அந்த ஊரில் தானியத்தைச் சூடேற்றி உலர்த்தும் சூளைகளும் இருந்தன. அறுத்த கதிர் தானாகக் காயாத ஊர் அது.

சரிவில் படுத்த வீடு

வீட்டின் நீளம் மலைச்சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக அமைந்திருக்கும். சரிவுக்குக் குறுக்கே கட்டியிருந்தால் மேட்டிலிருந்து இறங்கும் நீர் முழுவதும் நீண்ட பின்சுவரில் வந்து முட்டும். இப்படிக் கட்டினால் குறுகிய முனைச்சுவர் மட்டுமே நீருக்கு முகம் கொடுக்கிறது. மேலிருந்து கீழே வரிசைப்படி:

1. உள்ளறை. மேட்டுமுனையில் இருக்கும் சிறிய அறை. பண்டம் வைக்கவும் படுக்கவும்.

2. கூடம். வீட்டின் இதயம். அடுப்பு இங்கேதான். தொடக்கத்தில் மேல்தளம் கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த வெளி.

3. குறுக்கு நடை. வீட்டை அகலவாட்டில் வெட்டிச் செல்லும் வழி. இரு நீளச் சுவர்களிலும் எதிரெதிரே ஒவ்வொரு கதவு. பழைய அமைப்பில் மனிதரும் மாடும் நுழைந்தது இந்த ஒரே வாசல் வழியாகத்தான். உள்ளே வந்ததும் மனிதர்கள் மேட்டுப்பக்கம் திரும்புவார்கள், மாடுகள் பள்ளத்துப்பக்கம்.

4. தொழுவம். டெவன் வழக்கில் 'ஷிப்பன்'. தரையின் நடுவே ஒரு கல்வாய்க்கால் ஓடி, கீழ்முனைச் சுவரிலுள்ள துளை வழியாக வெளியேறும். சுவரோரம் மாடு கட்டும் தறிகள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கைநுழையும் அளவுக்கு ஒடுங்கிய பிளவுகள். மேலே வைக்கோல் பரண்.

மாடுகளின் உடற்சூடு மனிதர்களுக்குக் குளிர்காய உதவியது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். இடையில் ஒரு நடையும் இரண்டு வெளிக்கதவுகளும் இருக்க, எவ்வளவு சூடு இந்தப் பக்கம் வந்திருக்கும் என்பது சந்தேகம்தான். பனியிலும் மழையிலும் வெளியே இறங்காமல் தீவனம் போட முடியும், கன்று ஈனும் இரவில் பசுவின் அருகில் இருக்க முடியும் என்பவை இதைவிட உறுதியான காரணங்கள்.

பெரும்பாலான லாங்ஹவுஸ்களில் தொழுவம் பிற்காலத்தில் சமையலறையாகவோ வரவேற்பறையாகவோ மாறிவிட்டது. மாறாமல் எஞ்சியவற்றில் முக்கியமானது பவுண்ட்ஸ்கேட் அருகிலுள்ள ஹையர் அப்பகாட். தேசியப் பூங்கா ஆணையத்தின் உடைமையான அந்த வீடு, சட்டப் பாதுகாப்பின் மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது.

கல்லும் சுவரும்

டார்ட்மூர் கருங்கல் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உறைந்த பாறை. ஆனால் பண்ணைவீட்டுக்காக யாரும் குவாரி தோண்டவில்லை. பெரிய அளவிலான குவாரிகள் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதற்குமுன் மேட்டுநிலத்தில் உதிர்ந்து கிடந்த பாறைத் துண்டுகளையே பொறுக்கிவந்து கட்டினார்கள். வயலைத் திருத்தும்போது கிடைத்த கல்லும் இதே வழியில் சுவரேறியது.

கல்லைப் பிளந்த விதமே அதன் காலத்தைச் சொல்லும் என்பது இந்த ஊர்க் கல்லின் தனிச்சிறப்பு. ஏறத்தாழ 1800 வரை, பிளக்க வேண்டிய கோட்டில் நீள்குழிகளை வெட்டி, அவற்றில் ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். அதன்பின் உருண்டையான துளைகளைக் குடைந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆப்பைச் செருகி அடிக்கும் முறை வந்தது. ஆகவே வாசல் நிலையின் கல்விளிம்பில் அரைவட்டத் துளைத்தடங்கள் வரிசையாக இருந்தால், 'ஐந்நூறு ஆண்டுப் பழைய வாசல்' என்று தரகர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை.

சுவர் பொதுவாக இரண்டடியிலிருந்து மூன்றடி தடிமன் இருக்கும். பார்த்தால் ஒரே திடமான கல்மலை போலத் தெரியும். உண்மையில் அது மூன்று அடுக்கு: வெளிமுகத்துக்கு ஒரு கல்வரிசை, உள்முகத்துக்கு ஒன்று, நடுவே சிறுகற்களும் மண்ணும் நிரப்பிய வயிறு. இரு முகங்களும் பிரிந்து வயிறு தள்ளாமலிருக்க, இடையிடையே சுவரின் அகலம் முழுவதும் செல்லும் ஊடுகற்களை வைத்துப் பிணைப்பார்கள். மிகப் பெரிய கற்கள் அடியிலும் மூலைகளிலும்; மேலே போகப் போகச் சிறியவை. கல்லோடு கல் உட்காரச் சிதைந்த கருங்கல் மண்ணும் களிமண்ணும் கலந்த சேறு. விலைகொடுத்து வாங்க வேண்டிய சுண்ணாம்பு, மழைபடும் வெளிச்சந்துகளுக்கு, அதாவது வெளிமுகத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான இணைப்புகளுக்கு மட்டும். மண்ணே இந்தச் சுவரின் முக்கியமான சாந்து என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் விஷயம் வரும்போது இது தேவைப்படும்.

உட்சுவரைப் பூச்சின்றிக் கல் தெரிய விடுவது இன்று ஒரு நாகரிகம். விடுதிகளும் வாடகை வீடுகளும் 'அசல் கற்சுவர்' என்று விளம்பரம் செய்கின்றன. அந்த வீட்டைக் கட்டியவர் கண்டால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று நினைப்பார். வாழும் அறைகளின் சுவர்களுக்கு மண்ணோ சுண்ணாம்போ பூசி, அதன்மேல் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. இருட்டிய அறைக்கு அதுவே பாதி விளக்கு.

புகை மாற்றிய வீடு

வெளிச்சுவர்கள் பெரிதாக மாறாமலே வீட்டின் உட்புறம் நான்கு நூற்றாண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. மாற்றத்தை நடத்தியது புகை. வரிசை வீட்டுக்கு வீடு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் போக்கு ஒன்றுதான்.

முதலில் கூடத்தின் தரை நடுவே திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை கூரைவரை எழுந்து, அங்கே தேங்கி, வேய்ந்த வைக்கோல் வழியாக மெல்லக் கசிந்து வெளியேறும். அறைகளைப் பிரித்த மரத்தட்டிகள் ஆளுயரத்துக்கே இருந்தன. அவற்றுக்கு மேலே புகை வீட்டின் நீளத்துக்கும் உலவியது. அதற்கான சாட்சி இன்னும் தலைக்குமேலே இருக்கிறது. டெவனின் பல பழைய வீடுகளில் கூரைச் சட்டங்களும் அவற்றின்மேல் கிடக்கும் அடிவைக்கோலும் கரிபிடித்துக் கறுத்திருக்கின்றன. வைக்கோல் கூரையைப் புதுப்பிக்கும்போது அடி அடுக்கைக் கலைக்காமல் மேலே மட்டும் வேய்வதால், மத்திய காலத்து வைக்கோல் அப்படியே தங்கிவிட்டது. புகையேறியதால் பூச்சியும் அதை அணுகவில்லை. அன்று எந்தக் கோதுமை விளைந்தது, அதோடு எந்தக் களை முளைத்தது என்பதைத் தாவரவியலாளர்கள் இந்தக் கூரைகளிலிருந்து படித்தறிகிறார்கள்.

அடுத்த கட்டத்தில் உள்ளறைக்கு மட்டும் மேல்தளம் போட்டார்கள். கூடத்தில் புகை இருக்கும்வரை அங்கே மாடி போட வழியில்லை.

பிறகு வந்தது கல் புகைபோக்கி. டார்ட்மூரில் பெரும்பாலும் கூடத்துக்கும் குறுக்கு நடைக்கும் இடையே, நடைக்கு முதுகு காட்டியபடி கட்டினார்கள். வீட்டின் மற்றச் சுவர்களெல்லாம் பொறுக்கிய கல்லாக இருக்க, நடையைப் பார்க்கும் இந்த முதுகை மட்டும் சீராகச் செதுக்கிய கருங்கல்லில், அடியில் பீடமும் மேலே விளிம்புமாகச் செய்தவர்கள் உண்டு. வாசலில் நுழையும் விருந்தாளியின் கண் முதலில் படும் இடம் அது. காசு எங்கே செலவானது என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

புகை குழாய்க்குள் அடங்கியதும் கூடத்துக்கு மேலும் தளம் வந்தது. பருத்த உத்திரங்கள் இரு சுவர்களுக்குள்ளும் முனை புதைய உட்கார்ந்தன. மாடிக்குச் செல்லப் புகைபோக்கியின் பக்கத்திலோ பின்சுவரிலோ வளைந்தேறும் படிக்கட்டு. 17ஆம் நூற்றாண்டில் வாசலுக்கு முன்னே ஒரு கல்முகப்பும் சேர்ந்தது. வசதியானவர்கள் அதில் ஆண்டையும் பெயரின் முதலெழுத்துகளையும் வெட்டிவைத்தார்கள். அந்த ஆண்டு முகப்பின் வயதுதான். வீடு அதைவிட நூறு, இருநூறு ஆண்டுகள் மூத்ததாக இருக்கக்கூடும்.

1570க்கும் 1640க்கும் இடையில் இங்கிலாந்து நெடுகிலும் இப்படி ஒரு 'பெரும் மறுகட்டுமானம்' நடந்தது என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதினார். கல்வெட்டு ஆண்டுகளை எண்ணிப் பார்த்து, உச்சம் அதற்குப் பின்புதான் வந்தது என்று 1977இல் ஆர். மேக்கின் மறுத்தார். இடத்துக்கு இடம் காலம் வேறுபட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் நிலை.

இடையில் ஒரு பிரபலமான கதையையும் தள்ளிவைக்க வேண்டும். அடைத்த ஜன்னல் எதைக் கண்டாலும் 'ஜன்னல் வரி'க்குப் பயந்து அடைத்தது என்பார்கள். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் கூடுதல் வரி பத்து ஜன்னலிலிருந்துதான் ஆரம்பித்தது. 1766இல்தான் எல்லை ஏழாக இறங்கியது. மேட்டுநிலத்துச் சிறு பண்ணைவீடுகளில் பலவற்றுக்கு அத்தனை ஜன்னலே கிடையாது. படிக்கட்டை இடம் மாற்றியபோதும் அறையைப் பிரித்தபோதும் அடைபட்டவை ஏராளம். பால்பண்ட அறையின் ஜன்னலுக்கு வரிவிலக்கு இருந்ததால், அந்த அறை இன்னதென்று நிலைமேல் எழுதிவைத்த வீடுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

கூரை மாறியபோது

வைக்கோல் கூரைக்கு மழைநீர்க் குழாய் கிடையாது. செங்குத்தான சரிவில் நீர் வழிந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் தடித்த இறவாரத்திலிருந்து தள்ளியே விழும். 19ஆம் நூற்றாண்டிலும் பின்னரும் பல வீடுகளில் வைக்கோலை எடுத்துவிட்டுப் பலகைக்கல்லோ தகரமோ போட்டார்கள். தீப்பிடிக்காது, அடிக்கடி வேய வேண்டாம். கூரை மெலிந்தது, இறவாரமும் சுருங்கியது. முன்பு சுவரைத் தொடாத நீர் இப்போது சுவரின் உச்சியிலேயே இறங்கியது. குழாய் பொருத்தினார்கள், குழாயில் இலை அடைத்தால் நீர் நேரே சுவரின் வயிற்றுக்குள் போயிற்று.

கூரை மாறிய வீட்டைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. புகைபோக்கித் தண்டில் நீர் வடிவதற்காகத் துருத்திக்கொண்டிருக்கும் கல்விளிம்பு, பழைய வைக்கோலின் மேற்பரப்பை ஒட்டி வைக்கப்பட்டது. இன்று அந்த விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே வெற்றிடம் தெரிந்தால், அதுவே காணாமல்போன வைக்கோலின் தடிமன்.

நீர் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போகிறது

கருங்கல் தன்னளவில் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும். அப்படியானால் கருங்கல் சுவர் எப்படி ஈரமாகிறது? சந்துகள் வழியாக. காற்று அழுத்தும் மழை, கல்லுக்கும் சாந்துக்கும் இடையிலான நூலிழை வெடிப்புகளில் புகுந்து நடுவயிற்றை அடைகிறது. அடியிலிருந்து மண்ணின் ஈரமும் கொஞ்சம் ஏறுகிறது. வீட்டுக்குள் சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சுவிடுவதாலும் எழும் நீராவி உட்பக்கத்திலிருந்து வருகிறது.

வந்த நீர் போக வேண்டிய வழியும் அதே சந்துகள்தான். சுண்ணாம்புச் சாந்தும் மண்சாந்தும் நுண்துளை நிறைந்தவை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் வயிற்றிலுள்ள ஈரத்தை மேற்பரப்புக்கு இழுத்துக் காற்றில் விட்டுவிடும். மணற்கல்லிலோ சுண்ணாம்புக்கல்லிலோ கல்லும் கொஞ்சம் இந்த வேலையைச் செய்யும். கருங்கல்லில் சந்து ஒன்றே கதி. உள்ளே கூடத்தில் நாள் முழுவதும் எரிந்த நெருப்பும், அது இழுத்த காற்றும் மறுபக்கத்தை உலர்த்தின. அடிபட்ட மண் தரையும் அப்படியே பரப்பிய கல் தரையும் நிலத்தின் ஈரத்தை வீட்டின் பரப்பு முழுவதிலும் சிறுகச் சிறுக ஆவியாக்கின.

வீடு முற்றிலும் உலர்ந்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருந்தன, அவ்வளவுதான். கணக்கு இடித்தது செலவுப் பக்கத்தை அடைத்தபோது.

சிமெண்ட் செய்த வேலை

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்றவர் லீட்ஸ் நகரின் ஜோசப் ஆஸ்ப்டின். பண்ணைவீடுகளின் பழுதுபார்ப்பில் அது சுண்ணாம்பை முழுமையாக ஓரங்கட்டியது 20ஆம் நூற்றாண்டில். விரைவில் இறுகும், மழைக்காலத்திலும் ஓரளவு வேலை செய்யலாம், தொட்டால் கல்போல் உறுதி. உதிரும் சந்துகளைக் கண்டு கவலைப்பட்ட உரிமையாளர் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆனால் அதன்பின் நடப்பது ஒரு சங்கிலி.

1. பழைய சுவருக்கு ஆழமான அடித்தளம் கிடையாது. மண்சாந்தில் உட்கார்ந்திருப்பதால் பருவந்தோறும் மயிரளவு அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்கு இடம்கொடுக்கும். சிமெண்ட் இடம்கொடுக்காமல் கல்லின் விளிம்பிலிருந்து பிரிந்து வெடிக்கிறது.

2. அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மெல்லிய வெடிப்புதான் நீரை அதிகமாக உறிஞ்சி இழுக்கும். மழை உள்ளே போகிறது.

3. வந்த நீர் திரும்பும் வழியில் சிமெண்ட் நிற்கிறது. வரவு தொடர, செலவு நின்றுபோகிறது.

4. வயிற்றில் நீர் சேரச் சேர மண்சாந்து கரைந்து கீழே இறங்குகிறது. மேலே பொந்து, கீழே குவியல். ஊடுகற்கள் குறைவாக உள்ள இடத்தில் வெளிமுகம் மெல்ல வயிறு தள்ளுகிறது.

5. வெளிப்பக்கம் அடைபட்டதால் ஈரம் உட்பக்கம் தேடி வருகிறது. அறைக்குள் கறை தெரிந்ததும் உரிமையாளர் உட்சுவருக்கும் சிமெண்டோ நீர்புகாப் பூச்சோ அடிக்கிறார். இப்போது இரு கதவும் சாத்தியாயிற்று.

6. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள் இந்த ஈரத்திலேயே ஊறுகின்றன. அறைக்குள் தெரியும் பகுதி திடமாக இருக்க, சுவருக்குள் இருக்கும் முனை உளுத்துப்போகிறது. தளம் இறங்கத் தொடங்கிய பிறகே தெரியவரும்.

மென்மையான கல் உள்ள ஊர்களில் இன்னொரு கேடும் சேரும்: சிமெண்ட் வழியே போக முடியாத நீர் கல் வழியே வெளியேறி, உப்பைக் கல்லின் முகத்திலேயே படியவிட்டு அதை உதிர்க்கும். சில ஆண்டுகளில் கல் குழிந்து, சிமெண்ட் சந்து மட்டும் வரப்பு வரப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். கருங்கல் அந்த அளவுக்கு உதிராது. அதனாலேயே டார்ட்மூரில் சேதம் வெளியே தெரியாமல் நெடுநாள் ஒளிந்திருக்கிறது.

தரையின் கதையும் இதுதான். மண் தரையைத் தோண்டி, பாலிதீன் விரித்துக் கான்கிரீட் போட்டால் தரை உலர்ந்துவிடும். தரைக்கடியில் இருந்த ஈரம் ஓரத்துக்கு ஒதுங்கிச் சுவரில் ஏறும். பிறகு 'சுவருக்கு ஈரத்தடுப்பு ஊசி போட வேண்டும்' என்று ஒரு நிறுவனம் மதிப்பீடு கொடுக்கும். இரண்டு கல்முகமும் நடுவில் மண்ணும் பொந்தும் உள்ள சுவரில் அந்த மருந்து ஒரே படலமாகப் பரவும் என்று எப்படி எதிர்பார்ப்பது? விற்பவருக்கே தெரிந்தால் சரி.

குளிரைத் தடுக்கும் புதிய முயற்சிகள்

இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு எரிசக்திச் சான்றில் (வீட்டின் எரிசக்தித் திறனை 'ஏ' முதல் 'ஜி' வரை தரமிடும் ஆவணம்) குறைந்தது 'ஈ' தரம் வேண்டும் என்ற விதி 2018இல் தொடங்கியது. எரிவாயு விலையும் ஏறியபின் கல்வீட்டுச் சுவர்களை வெப்பக் காப்பிடும் அவசரம் கூடிவிட்டது. இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கசியவிடுகிறது? இதற்கு ஓர் எண் உண்டு: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் வெளியேறுகிறது என்பது. சான்று வழங்கும் மென்பொருள் பழைய சுவருக்கு ஒரு பொது மதிப்பை வைத்துக்கொள்கிறது. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் முதலியோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் உண்மையான சுவர்களில் கருவி பொருத்தி அளந்தது. தடித்த பழைய சுவர்களில் பல, கணக்கு சொன்னதைவிடக் குறைவாகவே வெப்பத்தை இழந்தன. அதே சமயம், நனைந்த சுவர் காய்ந்த சுவரைவிட அதிகம் கடத்தும். ஆவியாகும் நீரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே சிமெண்டை எடுத்துச் சுவரை உலரவிடுவதே முதல் வெப்பக் காப்பு.

மற்றொன்று, காப்புப் பலகையை எங்கே, எந்தப் பொருளில் வைப்பது? உட்பக்கம் ஒட்டினால் அறையின் சூடு கல்லை எட்டாது; கல் முன்பைவிடக் குளிரும். மூட்டு இடுக்குகளில் நழுவும் நீராவி, பலகையின் பின்னால் அந்தக் குளிர்ந்த கல்லில் பட்டு நீராகும். அலுமினியத்தாள் ஒட்டிய நுரைப்பலகை அந்த நீரைத் திரும்பி வரவிடாது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பூஞ்சை இங்கேதான் பிறக்கிறது. மரநார்ப் பலகையோ, சணல்தண்டும் சுண்ணாம்பும் கலந்த பூச்சோ ஈரத்தை வாங்கி விடும் என்பதால் இவ்வகைச் சுவருக்குப் பொருந்தும். காப்பு மெலிதாக இருக்கும். தடிமனைக் கூட்டினால் பழைய சிக்கல் திரும்பிவிடும்.

டார்ட்மூருக்கே உரிய மூன்றாவது சங்கதி ரேடான். கருங்கல்லில் இயற்கையாக உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு இது. நிறமில்லை, மணமில்லை, நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழி. டெவனும் கார்ன்வாலும் பிரிட்டனில் இது அதிகமுள்ள பகுதிகள். ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவு. வீட்டின் இடுக்குகளையெல்லாம் அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைத்தால் மின்கட்டணத்தோடு காற்றின் தரமும் இறங்கலாம். இந்த மண்ணில் ரேடானை அளக்காமல் வெப்பக் காப்பில் இறங்குவது பொறுப்பற்ற வேலை.

சட்டம் எங்கே நுழைகிறது

1947இன் நகர்ப்புற, ஊரகத் திட்டச் சட்டத்தோடு பாதுகாக்க வேண்டிய கட்டடங்களைப் பட்டியலிடும் முறை இங்கிலாந்தில் முறையாகத் தொடங்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். 1700க்கு முன் கட்டப்பட்டு, பழைய நிலையை ஓரளவேனும் காப்பாற்றிய கட்டடங்கள் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். தரங்கள் மூன்று: ஒன்று, நட்சத்திரக் குறியிட்ட இரண்டு, வெறும் இரண்டு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கடைசித் தரம். செய்திகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடங்கள் இவை:

1. பட்டியல் வெளிமுகப்புக்கு மட்டும் என்பது தவறு. எந்தத் தரமானாலும் உள்ளும் புறமும் முழுக் கட்டடமும் அடங்கும். வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக்கட்டடங்களும் பொதுவாகச் சேரும். மாட்டுத் தறியும் ஒரு பகுதிதான்.

2. கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம். அபராதத்தோடு முடியும் வரிப்பாக்கி போன்றதல்ல.

3. பழையபடி மாற்றச் சொல்லும் உத்தரவுக்குக் காலவரம்பு கிடையாது. குற்றத்துக்குப் பொறுப்பு செய்தவர்தான் என்றாலும், அந்த உத்தரவு இன்றைய உரிமையாளர் மேல் வரலாம். முந்தையவர் வைத்த பிளாஸ்டிக் ஜன்னலை வாங்கியவர் எடுக்க நேர்வது இப்படித்தான்.

4. பட்டியலில் இருந்தாலே எரிசக்திச் சான்று வேண்டாம் என்பதும் சரியல்ல. தேவையான மேம்பாடு கட்டடத்தின் தன்மையை ஏற்க முடியாத அளவு மாற்றும் என்றால் மட்டுமே விலக்கு.

ஒட்டுவேலை ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்பது உரிமையாளருக்குச் சலிப்பூட்டும். கூரையில் வௌவால் குடியிருந்தால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். ஆனாலும் கரிபடிந்த வைக்கோலும், நடையைப் பார்க்கும் செதுக்குக் கல்லும், சுவரின் மண்வயிறும் ஒருமுறை போனால் திரும்பாதவை. விதி கடுமையாக இருப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. அதைச் செயல்படுத்தும் உள்ளாட்சிகளில் இந்தச் சுவர்களைப் புரிந்த அலுவலர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை என்பதுதான் குறை.

வேலையின் வரிசை

சிமெண்டில் அடைபட்ட ஒரு லாங்ஹவுஸை மீட்பவர்கள் பின்பற்றும் வரிசையில் வெப்பக் காப்பு கடைசியில்தான் வருகிறது. முதலில் கூரையும் மழைநீர்க் குழாயும். அடுத்து, நூற்றாண்டுகளாகச் சுவரோரம் உயர்ந்துவிட்ட வெளித்தரையை வெட்டித் தாழ்த்துவது. குறிப்பாக மேட்டுமுனையில் இது முக்கியம். சரிவின் மண் ஆண்டுக்காண்டு அங்கேதான் வந்து குவிகிறது. பிறகு சிமெண்ட் சந்துகளை அகற்றுவது. இயந்திரத்தால் வெட்டினால் கல்லின் விளிம்பு போய்விடும் என்பதால் பெரும்பகுதி உளியும் சுத்தியலும்தான். அதன்பின் சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல வாங்கி இறுகுவது. உறைபனி பட்டால் கெட்டுவிடும். ஆகவே இந்த மேட்டுநிலத்தில் வசந்தம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரைதான் வேலை நடக்கும்.

அதற்கும் பிறகு காத்திருப்பு. நனைந்த கட்டுமானம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் வீதம் காயும் என்பது கட்டடத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. இரு பக்கமும் திறந்த மூன்றடிச் சுவர் ஒன்றரை ஆண்டு எடுக்கும்; டார்ட்மூர் மழையில் அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் கருவி பொருத்தி எடுத்த வெப்பக் கணக்கு நனைந்த சுவரைத்தான் அளந்திருக்கும்.